தோல் வியாதிதான் என்று ஸ்தோத்திரம் சொன்னோம்

ஆண்டவரை நேசிக்கிற சகோதரிகளே, இந்தச் சாட்சியைச் சொல்ல வாய் வராமல் பல மாதம் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் என் இடது மார்புக் காம்பில் ஒரு புண் வந்தது. அரிக்கும், தோல் உரியும், ஆறாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலை. துணிச்சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். தோல் டாக்டரும் கரப்பான் என்று களிம்பு கொடுத்தார். கொஞ்சம் வாடும், மறுபடி கசியும். கடைசியில் பூந்தமல்லி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

பயந்துபோனேன். என் அம்மா மார்பில் கட்டி வந்துதான் இறந்தார். பதில் வருமுன்பே நன்றி சொல்வது நம் சபை வழக்கம் அல்லவா? அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், "வெறும் தோல் வியாதிதான், ஸ்தோத்திரம்" என்று எல்லோரும் கைதட்டிச் சொன்னீர்கள். நானும் சொன்னேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் முடிவு சொல்லவில்லை. "கெட்ட செல் இருக்கும்மா. தோல்லயே உண்டானதா, மார்புக்குள்ள இருந்து மேல ஏறி வந்ததான்னு தெரியல. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. அந்தத் துண்டுக்கே வேற சாயம் போட்டுப் பாத்தாதான் தெரியும். நீங்க சரின்னா செய்யறோம்" என்றார் டாக்டரம்மா. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஸ்தோத்திரம் சொல்லியாகிவிட்டது. மறுபடி பரிசோதித்தால் ஆண்டவரைச் சந்தேகப்படுவதாகாதா? வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் பக்கத்து மெஷினில் தைக்கும் மண்ணூர்பேட்டை சரோஜா அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"இன்னா மேரி, தோலு தோலுன்னு ஆண்டவருக்கே நீ சொல்லிக் குடுத்துகினு கீறே? இன்னா கீதோ அதக் காட்டுப்பான்னு கேளு. நான் கூட வர்றேன், கெளம்பு" என்றார்.

பஸ்ஸில் போகும்போது அப்படியேதான் ஜெபித்தேன். வேறெதுவும் கேட்க எனக்குப் பலமில்லை.

டாக்டரம்மாவிடம் சரி என்றேன். சில நாளில் முடிவு வந்தது. தோல் வியாதி இல்லை. மார்புக்குள் பால் குழாயில் தொடங்கிய புற்றுநோய். கட்டியாகக் கையில் தட்டுப்படவே இல்லை. "தோல்னு நெனச்சு விட்டிருந்தா உள்ள பரவியிருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. பரவுவதற்குள் மார்பை எடுத்துவிட்டார்கள்.

குளிக்கும்போது அந்த இடத்தைப் பார்த்தால் இன்னும் அழுகிறேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் என் மகளுக்குத் தலை பின்ன நான் இருக்கிறேன். இருக்கிறதைக் காட்டின என் கர்த்தருக்கு நன்றி.

உங்களில் யாருக்காவது ஆறாத புண் இருந்தால் ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டுப் போய்க் காட்டுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். லீவு போட்டுவிட்டு வருகிறேன்.