அண்ணை நாடியைக் கழுவிய கதை

போன மாதம் என் அண்ணை தன் நாடியைக் கழுவினார். வேட்டியைக் கழுவலாம், போத்தலைக் கழுவலாம்... நாடியை எப்படிக் கழுவுவது என்கிறீர்களா? சொல்கிறேன்.

அண்ணை கொக்குவிலில் தையல்காரர். போன வருடம் அவருக்கு ஒரு கண் மங்கியது. பிறகு தானாகவே தெளிந்தது. அடுத்ததாகக் கால் விறைத்தது. மெஷினை மிதிப்பது தன் காலா, பக்கத்து வீட்டுக்காரன் காலா என்றே சந்தேகம் வந்ததாம். பட்டணத்து டாக்குத்தர் பார்த்துவிட்டு, ‘மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ்’ என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். அந்தப் பெயரைச் சொல்லிப் பழகவே எனக்கு ஒரு மாதம் போனது.

கறண்டு வயரின் தோல் உரிவதுபோல நரம்பின் உறை உரிகிற நோயாம் இந்த வருத்தம். முழுதாக மாற்ற மருந்தில்லை; தினமும் விழுங்கும் குளிசையால் அடக்கி வைக்கலாம். தன்னைக் கேளாமல் குளிசையை நிறுத்தக் கூடாது என்று டாக்குத்தர் மூன்று தரம் சொன்னார்.

வருத்தம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? வந்தவர் எல்லார் கையிலும் ஒரு கட்டு இலை. வல்லாரை, முடக்கொத்தான், தவசி முருங்கை... அண்ணை தின்றது பாதி, எங்கள் ஆடு தின்றது பாதி. ஆட்டுக்கு இன்றுவரை ஒரு நரம்பு வருத்தமும் இல்லை.

விறைப்புக்கு, நாடி பிடித்து நாட்டு வைத்தியம் பார்க்கும் வட்டுக்கோட்டைப் பரியாரியாரின் எண்ணெய் நல்லது என்றார்கள். கலியாண மாதம் நெருங்குகிறது, தைக்க வேண்டிய துணி குவிந்து கிடக்கிறது. அண்ணையின் கால் மிதித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். போகத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு பயம் — இங்கிலிஸ் மருந்து எடுப்பவரைப் பரியாரியார் திருப்பி அனுப்பிவிட்டால்? மறைக்கவும் முடியாதாம். கையைப் பிடித்ததும் நாடி எல்லாவற்றையும் உளறிவிடுமாம். அண்ணையும் அண்ணியும் கூடி யோசித்தார்கள். மூன்று நாளுக்கு முன்பே குளிசையை நிறுத்தி, செம்பு செம்பாக மல்லித் தண்ணீர் குடித்து, நாடியைச் சுத்தமாக்குவது என்று முடிவாயிற்று.

எனக்கு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. என் வாய்க்குக் கதவு இல்லை என்பது அண்ணிக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் நாள் காலையில், அரிசிப் பானைக்குள் பழுக்க வைத்த மாம்பழத்தைத் தேடினேன்... கையில் அகப்பட்டது குளிசைப் பைக்கற்.

அதே நேரம் முன்பக்கம் ‘தடார்’ என்று சத்தம். மெஷினிலிருந்து எழும்பிய அண்ணை, இரண்டு காலும் மடிந்து, யாரோ மாப்பிள்ளையின் சட்டைத் துணியோடு நிலத்தில் இருந்தார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

வாடகைக் காரில் வட்டுக்கோட்டைக்குப் போனோம். நான் கேட்ட கேள்வியில் அண்ணி முழுக் கதையையும் சொல்லியிருந்தார். வழி முழுக்க எனக்கு வகுப்பு — பொய் சொல்லத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமாம்.

பரியாரியார் கையைப் பிடித்துக் கண்ணை மூடினார். நாடி ஏதும் உளறிவிடாதபடி அண்ணை மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வேறை என்ன மருந்து எடுக்கிறீர்?”

“ஒண்டுமில்லை ஐயா.”

நான் சட்டைப் பையிலிருந்து பைக்கற்றை எடுத்துப் பாயில் வைத்தேன். “ஐயா, உதுதான் அந்த ஒண்டுமில்லை. மூண்டு நாளாய் நிப்பாட்டிப் போட்டார்.”

அண்ணைக்கு மட்டும் கால் சரியாக இருந்திருந்தால், அன்று எனக்கு உதைதான்.

பரியாரியாருக்குக் கோபம் வந்தது — ஆனால், நாங்கள் பயந்த கோபம் அல்ல. நாடிக்குப் பயந்த கதையைக் கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். பாக்குக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் குளிசை.

“இது நான் இரத்தப் பிறசருக்குப் போடுறது. டாக்குத்தர் தந்தது. என்ரை எண்ணெய் விறைப்பை இளக்கும், நோவை ஆத்தும். உந்த வருத்தத்தை மாத்துமெண்டு நான் எப்பவாவது சொன்னனானோ? முதல்லை டாக்குத்தரிட்டைப் போய் உள்ளதைச் சொல்லும். பிறகு வாரும், எண்ணெய் தாறன்.”

அதே காரில் பட்டணத்துக்கு. டாக்குத்தர் ஏசினார், ஏசி முடித்துக் காலைச் சோதித்து, குளிசையைத் திரும்பத் தொடக்கினார். எண்ணெய் பூசலாம், வல்லாரைச் சம்பல் சாப்பிடலாம், ஆனால் கசாயம், சூரணம் எதுவென்றாலும் தனக்குக் காட்டிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும் என்றார். திருப்பி அனுப்பிய பரியாரியாரைப் பற்றிக் கேட்டுவிட்டு, கெட்டிக்காரன் என்று தலையாட்டினார்.

டாக்குத்தருக்கும் பரியாரியாருக்கும் ஒரு பகையும் இல்லை. பகை முழுக்க எங்கள் குசினி அரிசிப் பானைக்குள்தான் இருந்திருக்கிறது.

காலில் பலம் முழுதாகத் திரும்பவில்லை. காலையில் அவரே மிதிக்கிறார். பின்னேரம் களைத்துப் போனால் அவர் மேலே துணியைப் பிடிக்க, நான் கீழே குந்தியிருந்து கையால் மிதிபலகையை அமத்துகிறேன். சில சட்டைகளின் தையல் கொஞ்சம் கோணல்... மாப்பிள்ளைமார் மன்னிக்க வேண்டும்.

அண்ணை இப்போது இரண்டு வைத்தியர்களிடமும் ஒன்றையும் மறைப்பதில்லை. போன தரம், நான் வீட்டுக்குப் பின்னால் கோடியில் நின்று களவாகப் பீடி பத்துவதைக்கூடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.