டிரைவர் சாப்பாடு

சித்திரபுரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டும் சுடலைமணி நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, பீடி கிடையாது, யாரிடமும் வம்பு கிடையாது. வாய் ஒன்றுதான் அவனுக்கு வைரி. சாப்பாட்டைக் கண்டால் கண் மண் தெரியாது. சர்க்கரை வியாதி என்று தெரிந்த பிறகும் பரோட்டாவை அடுக்கி வைத்துக்கொண்டு அடித்தான். கால் பெருவிரலில் வந்த புண் மாசக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. “இனியொரு தடவை புண் வந்தா விரலை எடுக்க வேண்டிவரும்” என்று டாக்டர் சொன்னபோது அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி அழகுத்தாய்தான் என்னென்ன சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள். அவள் அப்பாவுக்கும் முதலில் விரலைத்தான் எடுத்தார்கள். பிறகு பாதம், அதற்குப் பிறகு முட்டிவரை.

அந்தச் சித்திரையில் தேயிலை எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அழகுத்தாய் நாலு பேர் கேட்க நேர்ந்துகொண்டாள்.

“தாயே, எம்புருசன் ஒரு வருசம் வாயக் கட்டி ஒழுங்கா சாப்பிட்டுட்டா, வாற திருவிழாவுக்கு நான் உனக்குத் தீச்சட்டி எடுக்கேன்.”

நெருப்பு எரியும் மண்சட்டியை வேப்பிலை பிடித்த வெறுங்கையில் ஏந்தி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தைச் சுற்றி வர வேண்டும். நேர்ச்சை சுத்தமாக இருந்தால் கை சுடாது என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. சுட்டால் எங்கேயோ குறை இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து அழகுத்தாய் அடுப்பையே மாற்றிவிட்டாள். நாளெல்லாம் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து கேப்பைக் களி கிண்டினாள். கொழுந்துக் காட்டு ஓரத்தில் முளைத்த கீரையைப் பறித்து வந்தாள். மழைக்காலத்தில் கொள்ளு ரசம், மத்திமீன் குழம்பு. ஓணத்துக்கு அக்கம்பக்கத்திலிருந்து வந்த பாயசத்தை வாசலோடு திருப்பி அனுப்பினாள். தீபாவளிக்குச் சுண்டல். பொங்கலுக்கு வெண்பொங்கல் மட்டும். “நீங்க திங்காதத நானும் தொடமாட்டேன்” என்று சொல்லி, வியாதியே இல்லாத அவளும் அதையே தின்றாள். மதியத்துக்கு அவனுக்கு ஒரு டப்பா கட்டிக் கொடுப்பாள். சின்ன வெங்காயத்தைத் தனியாகப் பொட்டலம் கட்டி வைப்பாள். களிக்கு அது இல்லாவிட்டால் அவனுக்கு இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

சுடலைமணியும் கொஞ்சநாள் உண்மையாகத்தான் இருந்தான். அதைச் சொல்லாவிட்டால் பாவம். கெடுத்தது ஜோபியின் ஓட்டல்.

அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. பயணிகளைக் கூட்டி வரும் டிரைவருக்கு ஓட்டலில் சாப்பாடு இலவசம். வந்தவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து தின்பார்கள். டிரைவர்கள் பின்கட்டில். “சுடலண்ணா, பொறோட்டா சூடா இருக்கு, எடுக்கட்டா?” என்று ஜோபி கேட்பான். முதல் நாள் வேண்டாம் என்றான். மறுநாள் ஒன்று என்றான். அதற்குப் பிறகு கேட்கவே வேண்டியிருக்கவில்லை, இலை போட்டதும் தானாக வந்தது. வீட்டில் தின்பதுதான் கணக்கு, ஓட்டலில் ஓசியில் வருவது தொழிலோடு சேர்ந்தது என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். டப்பாவில் இருந்த களியையும் கீரையையும் வியூ பாயின்ட்டில் திரிந்த ஒரு செவலை நாய்க்கு வைத்தான். நாய் பளபளவென்று ஆயிற்று. வருஷம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிட்ட ஜீவன் உண்மையில் அதுதான்.

சர்க்கரைக்கு ரத்தம் பார்க்கப் போவதற்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் அவன் வாயைக் கட்டுவான். “கொறஞ்சிருக்கு” என்று டிஸ்பென்சரி நர்ஸ் சொன்னால் போதும், அழகுத்தாய்க்கு முகம் மலர்ந்துவிடும். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவான். நாளையிலிருந்து விட்டுவிடுவேன் என்று அவன் நினைக்காத நாள் இல்லை. அந்த நாளைதான் வரவில்லை. சித்திரை வந்துவிட்டது.

திருவிழா அன்று காலையில் அவள் குளித்து மஞ்சள் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசல்படியில் வந்து நின்றான்.

“ஏ புள்ள, சட்டிக்குப் பதிலா மாவெளக்கு எடுத்தா ஆகாதா?”

அழகுத்தாய் சிரித்தாள். “எதுக்குப் பயப்படுதீங்க? நீங்கதான் வருசம் பூரா வாயக் கட்டிட்டீங்கள்ல. எனக்குக் கை சுடவா போகுது?”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறக்கவும் செய்தான். வெளியே மேளம் தொடங்கிவிட்டது. மேளச் சத்தம் நல்லதொரு சாக்காக வந்து சேர்ந்தது.

கோயில் வாசலில் சட்டியை வாங்கினாள். லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். முதல் வரிசை வீடுகள் வரைக்கும் நிமிர்ந்துதான் நடந்தாள். தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் திரும்பும்போது அவள் உதடு கடிபடுவதைச் சுடலைமணி பார்த்துவிட்டான். அவள் சட்டியைக் கீழே வைக்கவில்லை. அவன் கூடவே ஓடினான், “எறக்கி வை, எறக்கி வை” என்றான். அது அவள் காதில் ஏறவில்லை. சுற்று முடிந்து கோயிலில் சட்டியை இறக்கி வைத்தபோது ரெண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தது. வேப்பிலை வாடிப்போயிருந்தது, காற்று அந்தப் பக்கமாக அடித்தது என்றெல்லாம் காரணம் இருக்கத்தான் இருந்தது. அவனுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. தான் தின்ற பரோட்டா முழுவதும் அந்தக் கையில்தான் சுட்டிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

டிஸ்பென்சரியில் மருந்து போட்டுக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்த பெண்களிடம் அவளே முந்திக்கொண்டு சொன்னாள்.

“எம்மேலதான் குத்தம். பங்குனியில மறையூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனேம்லா, வெல்லம் காய்ச்சுற எடத்துல ஒரு வெரல் பாகு தொட்டு நக்கிட்டேன். பாவம், அவர் ஒழுங்கா இருந்தும் நான் கெடுத்துட்டேன்.”

கதவருகில் நின்ற சுடலைமணிக்குத் தலை நிமிரவில்லை. செத்துவிடலாம்போல இருந்தது.

எல்லோரும் போன பிறகு அவனே களி கிண்டினான். கட்டிகட்டியாக வந்தது. உருட்டி அவளுக்கு ஊட்டினான். ரெண்டாவது உருண்டையை நீட்டியவன் கை அந்தரத்தில் நின்றது.

“பாகுல ஒண்ணுமில்ல. நான் பரோட்டா தின்னேன். வருசம் பூரா. ஜோபி கடையில.”

அழகுத்தாய் வாயை மூடிக்கொண்டாள்.

“அப்ப நான் கட்டிக் குடுத்த டப்பா?”

“ஒரு நாய்க்கு வச்சேன்.”

“வெங்காயத்தையுமா?”

“அதத் தூரப் போட்டுருவேன்.”

அதற்குத்தான் அவள் அழுதாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. அவன் துடைக்கப் போனான். முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளிலேயே துடைத்துக்கொண்டாள். திட்டினால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை.

“அப்ப நேர்ச்ச இன்னும் முடியல. ஒரு வருசம்னுதான அம்மங்கிட்ட சொன்னேன்? வாற சித்திரைக்குத் திரும்பவும் எடுக்கணும்.”

“வேண்டாம் புள்ள. நான் எடுக்கேன், எங்கையி வேகட்டும்.”

“நேர்ந்தது நான். நீங்க சட்டி எடுக்க வேண்டாம். ஒழுங்கா தின்னுங்க, போதும்.”

மறுநாள் அவனே டப்பா கட்டிக்கொண்டு போனான். ஜோபி பின்கட்டிலிருந்து கூப்பிட்டான். இறங்கவில்லை. வியூ பாயின்ட்டில் ஜீப்பிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். பழக்கதோஷத்தில் செவலை நாய் வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதன் பக்கம் பார்க்காமல் வெங்காயத்தைக் கடித்துக் கடித்துக் களி முழுவதையும் தின்றான். அவளுடைய கைக்கட்டு பிரிக்க இன்னும் பல நாள் ஆகும். சித்திரைக்கு ஒரு முழு வருஷம் கிடந்தது.