மனசு பார்க்கிறவர்களின் சங்கம்

காய்ச்சலைப் பார்க்கிறவருக்குக் காய்ச்சல்மானி இருக்கிறது, எலும்பைப் பார்க்கிறவருக்கு எக்ஸ்ரே இருக்கிறது. மனசைப் பார்க்கிற எங்களுக்கு இருப்பதெல்லாம் இரண்டு காதும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும்தான். காலையிலிருந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்து ஊரார் கவலையெல்லாம் கேட்டுவிட்டு, பின்னேரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக வாய் திறக்காமல் வீடு போகிற என் சகபாடிகளே, உங்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. ஆனாலும் கேளுங்கள்.

நான் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு மனநல சமூகப் பணியாளர். எங்கள் கிளினிக்கில் தமிழ் பேசும் ஒரே ஆள் நான்தான். அதனால் மொழிபெயர்ப்பும் நானே, ஆலோசனையும் நானே, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கூப்பிட்டுக் கேட்டால் போனில் பதில் சொல்வதும் நானே. இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலுள்ள எங்கள் தொழில்சார் அமைப்பு, மனநல வேலை செய்கிறவர்களும் ஆய்வு செய்கிறவர்களும் விருப்பமான துறையில் சிறு குழுக்களாகச் சேரலாம் என்று அறிவித்தது. முதியோருக்கு ஒரு குழு, சிறுவருக்கு ஒரு குழு. தோட்டப்புற மக்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் இரத்தினபுரிப் பக்கத்தில் வேலை செய்யும் மனநல மருத்துவர் சமன்மலி. அவரும், பெல்மதுளையைச் சேர்ந்த பல்கலைக்கழக ஆய்வாளர் ரிஸ்வியும், இரண்டு தாதியரும், ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளரும், நானுமாக ஆறு பேர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரிஸ்வி வீட்டாரின் தையல் கடை மாடியில் கூடுவோம். கீழே மெஷின்கள் ஓடும், மேலே நாங்கள் பேசுவோம். (நோயாளிகளின் பெயரையும் அடையாளத்தையும் இங்கே மாற்றியிருக்கிறேன். எங்கள் பெயர்களையும்தான்.)

எந்தக் கட்சி?

முதல் கூட்டத்துக்குப் புறப்பட்ட காலையில் பஸ் தரிப்பிடத்தில் தோட்டத்துத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர். ஓய்வு நாளில் சேலை கட்டிக்கொண்டு எங்கே பயணம் என்று விசாரித்தார். விளக்கமாகச் சொல்லப் பஞ்சிப்பட்டு, "ஒரு சங்கக் கூட்டம் இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் என்பது அவர் முகம் மாறிய பிறகே நினைவுக்கு வந்தது.

"எந்தக் கட்சிங்க?" என்றார். கட்சி இல்லை என்றேன். "சந்தா எவ்வளவு புடிக்கிறாங்க?" சந்தாவும் இல்லை. "அப்ப தொரைமாருகிட்ட என்ன கேட்டுப் பேசுவீங்க?" யாரிடமும் எதுவும் கேட்க மாட்டோம், எங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வோம், கஷ்டமான நோயாளிகளைப் பற்றி ஒருத்தரை ஒருத்தர் கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்றேன். பஸ் வந்துவிட்டது. நான் ஏறிய பிறகும் அவர் ஜன்னல் பக்கம் வந்து, உண்மையான அக்கறையோடு சொன்னார்: "பாத்துங்க மிஸ், ஸ்டிரைக் பண்ணாத சங்கத்த யாரும் மதிக்க மாட்டாங்க."

பாஸா, பெயிலா?

ரிஸ்வி மனச்சோர்வைக் கண்டறியும் கேள்விக்கொத்து ஒன்றைத் தமிழில் கொண்டுவந்தார். முறைப்படி மொழிபெயர்த்தது, பிழை சொல்ல முடியாத தமிழ். அதைத் தோட்டத்தில் பரீட்சித்துப் பார்க்க எங்கள் கிளினிக்குக்கு வந்தார். முதலில் வந்தவர் புஷ்பராணி. ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். கணவர் இறந்து போனார், ஒரே மகள் வேலைக்கு வெளிநாடு போய்விட்டாள். தலைவலி, தலைவலி என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அலைந்து, அங்கிருந்து எங்களிடம் அனுப்பப்பட்டவர். ரிஸ்வி ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். "நாளாந்தச் செயற்பாடுகளில் நாட்டமின்மையை உணர்ந்தீர்களா?" இல்லைங்க. "எதிர்காலம் குறித்த நம்பிக்கையிழப்பு?" இல்லைங்க. எல்லாவற்றுக்கும் இல்லைங்க. இவ்வளவு ஆரோக்கியமான மனுஷியின் தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று ரிஸ்வி என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

புஷ்பராணி வாசல் வரை போய்த் திரும்பி, "மிஸ், நான் பாஸுங்களா?" என்றார். ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன். ஆமாம் என்று சொன்னால் பெயில், பெயிலானால் தோட்டத்து வேலையிலிருந்து நிறுத்திப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லி அவரை மறுபடி உட்கார வைத்தேன். ரிஸ்வி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பிளேன்டீ எடுத்து வரப் போனார். "காலையில எழும்புறப்போ மனசு எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

அதன் பிறகு அவரே பேசிக்கொண்டு போனார். எழும்பும்போதே ஏன் எழும்பினோம் என்று இருக்கிறதாம். இரண்டு தடவை செத்துப்போகலாம் என்றும் நினைத்தாராம். அன்றைக்கே எங்கள் கிளினிக் டொக்டர் பார்த்து மருந்து தொடங்கினார். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுப் பேசினோம். கொஞ்ச நாளிலேயே முகம் தெளிந்தது. கேள்விக்கொத்தைப் பேச்சுத்தமிழில் எழுதுகிற வேலையும் எங்கள் குழுவின் தலையில் விழுந்தது. ஆனால் அன்றைக்குப் புஷ்பராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளேன்டீயோடு திரும்பி வந்த ரிஸ்வியிடம் சொன்னது இதுதான்: "இப்பிடிக் கேட்டிருந்தா மொதல்லயே பெயிலாயிருப்பேனுங்களே சேர்."

ஒரு எழுத்து

டொக்டர் சமன்மலிக்குத் தமிழ் படிக்க வேண்டும் என்று ஒரே ஆசை. குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்கு ஐந்தாறு வசனங்கள் சொல்லிக்கொடுப்போம். சாப்பிட்டீங்களா, பயமா இருக்கா, தூக்கம் வருதா. அவர் அதைச் சிங்கள எழுத்தில் எழுதி, காரில் போகும்போது சத்தமாகச் சொல்லிப் பழகுவார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு வயதான ஐயாவைப் பற்றிக் கூட்டத்தில் பேசும்போது, மருந்து நன்றாக வேலை செய்கிறது, மனுஷர் நன்றாகத் தூங்குகிறார், ஆனால் ஆள் மட்டும் மெலிந்துகொண்டே போகிறார், ஏன் என்று விளங்கவில்லை என்று குழம்பினார். எப்படிக் கேட்டீர்கள் என்றோம். பெருமையாகச் சொல்லிக் காட்டினார்: "ஐயா, நல்லா துக்கம் வருதா?"

நாங்கள் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிங்களத்திலும் துக என்றால் கவலைதானே. அந்தச் சொல் இந்தச் சொல்லை இழுத்துக்கொண்டுவிட்டது. விஷயம் புரிந்ததும் டொக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த கிளினிக்கில் அந்த ஐயாவிடம் போய், நெடிலை நன்றாக இழுத்து, சரியாகக் கேட்டிருக்கிறார். மருந்தும் மாறியது, ஐயாவும் தேறினார். அவர் கொடுத்த பதிலை டொக்டர் ஒரு எழுத்து விடாமல் எங்களுக்குச் சொல்லிக் காட்டினார்: "துக்கம் எப்பவும் நல்லா வருதுங்க டொக்டரம்மா, தூக்கந்தான் இந்தப் பக்கம் எட்டியும் பாக்குதில்ல."

கித்துல்கலவுக்கு ஒரு பயணம்

புஷ்பராணி ஒரு கிளினிக் நாளில் வரவில்லை. மழையாக இருக்கும் என்று நினைத்தேன். போன் எடுத்தால் அணைத்து வைத்திருப்பதாக ஒரு குரல். மத்தியானம் லயத்துக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலைக்குப் போயிருந்தார். எதிர்வீட்டு ஆள், "விடியவே ஒரு பையோட போனாங்க, எங்கன்னு சொல்லல்ல" என்றார். தேறி வருகிற நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம் என்று எங்களுக்குப் படித்துக்கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிக் களனி ஆறு மழைத்தண்ணீரோடு செங்கல் நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

குழுவின் வட்சப்பில், பெயர் போடாமல், "என்னுடைய ஒருவரைக் காணவில்லை" என்று மட்டும் அனுப்பினேன். யார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. டொக்டர் சமன்மலி அன்றைக்கு அவிசாவளையில் ஒரு பயிற்சிக்கு வந்திருந்தார்; பாதியில் எழுந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ரிஸ்வியின் மாமா ஒருவர் தெஹியோவிட்ட பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ரிஸ்வி அவருக்கு போன் பண்ணி, நோய் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், தெரிந்த ஒரு அக்காவை அவசரமாகப் பார்க்க வேண்டும் என்று ஆள் அடையாளம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மாமா திருப்பிக் கூப்பிட்டார்: "மருமகன், அந்தப் புள்ள காலைல நம்மட கடையிலதான் சவர்க்காரம் வாங்கின. ஹட்டன் பஸ்ஸில ஏறினா. கித்துல்கலயில இறங்கணும்னு கொண்டக்டர்கிட்ட சொன்னது என்ட காதுல விழுந்திச்சு."

கித்துல்கல என்றதும் அங்கேயும் ஓடும் அதே களனி ஆறுதான் எனக்கு ஞாபகம் வந்தது. டொக்டர் கார் ஓட்ட, நான் பக்கத்தில் செபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை அவர் கியரிலிருந்த கையை எடுத்து என் கையைத் தட்டினார். அங்கே போய், தமிழ் ஆட்கள் வேலை செய்கிற இடங்களாக விசாரித்து, படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு ஹோட்டலின் பின்பக்கம் போனோம். சமையல்கட்டு வாசலில், ஏப்ரன் கட்டிக்கொண்டு, வெங்காயக் குவியலுக்கு முன்னால் புஷ்பராணி உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த சிங்களப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். உறவுக்காரி ஒருத்தி மூலம் வேலை கிடைத்ததாம். விட்டால் போய்விடும் என்று உடனே வந்துவிட்டாராம். போன் வாளித் தண்ணீரில் விழுந்ததால் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறதாம். மாத்திரை பையில் பத்திரமாக இருக்கிறதாம். நான் அங்கேயே ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். டொக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். எங்களை மாறி மாறிப் பார்த்த புஷ்பராணி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பதறிப்போய்க் கேட்டார்: "ஐயோ மிஸ், இவ்வளவு தூரம் ரெண்டு பேரும் வந்திருக்கீங்களே, யாருக்குங்க என்ன ஆச்சு?"

என் முறை

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தச் சம்பவத்தை நான் சொல்ல வேண்டியிருந்தது. நோயாளியின் நிலை, மருந்து, புதிய வேலை, கிளினிக்கை அவருடைய லீவு நாளுக்கு மாற்றியது எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். முடித்ததும் வழக்கம்போல் ஏதாவது யோசனை சொல்வார்கள் என்று பார்த்தேன். டொக்டர் சமன்மலி, "சரி, ஒயாட கொஹொமத?" என்றார். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. நல்லா இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் நன்றாக வாய்விட்டே அழுதேன். வீட்டில் சொல்ல முடியாமல் வைத்திருந்த பயம், தமிழுக்கு நான் ஒருத்திதான் என்ற பாரம், அந்த ஆற்றங்கரை ரோட்டில் நான் நினைத்ததெல்லாம் வெளியே வந்தது. யாரும் கண்ணைத் துடை என்று சொல்லவில்லை, அறிவுரை சொல்லவில்லை. கடைசியில் கூச்சமாகி, கூட்ட நேரத்தை வீணாக்கிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். ரிஸ்வி டீயோடு சாப்பிட வைத்திருந்த பெட்டிஸ் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நல்லா அழுங்க மிஸ், இங்க இருக்கிற எல்லாரும் அழுகை கேக்கப் படிச்சு வந்தவங்கதான்."

ஆறு பேர் போதுமா?

எங்களுக்குப் போதும். ஆனால் கொழும்பு அமைப்புக்குப் போதவில்லை. உறுப்பினர் குறைவான குழுக்களைப் பெரிய குழுக்களோடு சேர்த்துவிடுவது பற்றி சூமில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அன்றைக்கு நான் தோட்டத்தில் இருந்தேன். அங்கே சிக்னல் கிடைப்பது பெரட்டுக்களத்தில் மட்டும்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடும் இடம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் குழு ஏன் தனியாக இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரப்பர் பால் வாளிகளோடு பெண்கள் திரும்பி வந்தார்கள். யாரோடு பேசுகிறேன் என்று பார்க்க என் தோளுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். கொழும்புப் பேராசிரியைகளைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

அவர்களில் ஒருவர், முன்பு எங்களிடம் மருந்தெடுத்துச் சுகமான ஒரு அம்மா, போனுக்குள் குனிந்து, "தமிழ்ல பேசுற ஆளுங்கள கொறைச்சுறாதீங்கம்மா, மறுபடி வருத்தம் வந்தா நாங்க யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். தலைமை தாங்கிய அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. டொக்டர் சமன்மலி சிங்களத்தில் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சிக்னல்தான் போய்விட்டது என்று நினைத்து நான் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். அப்போது மேலேயிருந்து தலைவி அம்மையாரின் குரல் ஆங்கிலத்தில் தெளிவாக வந்தது: "இந்தக் குழு அப்படியே இருக்கட்டும், அந்த அம்மாவுக்கு எதிராக வாக்களிக்க என்னால் முடியாது."

பாரத்தைத் தனியாகச் சுமக்காதே என்று நாளெல்லாம் நோயாளிகளுக்குச் சொல்கிற எங்களுக்கு, அதே மருந்தை நாங்களும் சாப்பிடலாம் என்று புரிய ஒரு பட்டமும், ஒரு குழுவும், ஒரு தையல் கடை மாடியும் தேவைப்பட்டிருக்கிறது.