ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு போல்ட்

கோயமுத்தூர் கணபதியில் பிரகாசத்தின் கார் ஒர்க்ஷாப்புக்கும் என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவன் இருமினால் எனக்குக் கேட்கும். நான் கஸ்டமரிடம் பொய் சொன்னால் அவனுக்குக் கேட்கும். "வயரிங் பூராவும் போச்சுங்க" என்று நான் ஆரம்பித்தாலே அந்தப் பக்கத்திலிருந்து தகரத்தில் ஸ்பேனரால் தட்டுவான். வந்த ஆள் திரும்பிப் பார்ப்பான், நான் அசடு வழிந்துகொண்டு, "ஒரு ஃப்யூஸ் மட்டும் மாத்திப் பாக்கலாமுங்க" என்று இறங்கி வருவேன். இப்படி ஒரு நேர்மையான ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடை நடத்துவது என்ன பாடு என்பது எனக்குத்தான் தெரியும். அதனால்தான், அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய்யை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பிரகாசம் பிரேக்கில் பைத்தியம் பிடித்தவன். இன்ஜினைப் பற்றிப் பேசுகிற மெக்கானிக் தெருவுக்கு நாலு பேர் உண்டு. இவன் மட்டும் வண்டி வந்ததும் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அது தேய்ந்திருக்கிற விதத்தை வைத்து ஓட்டுகிற ஆளின் குணத்தையே சொல்லிவிடுவான். இவர் பயந்தவர், இவர் வீட்டில் கோபித்துக்கொண்டு வண்டியை எடுப்பவர், இவர் ஓட்டுவதில்லை, டிரைவர்தான் ஓட்டுகிறான் என்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிரேக் குழாயில் காற்று எடுக்கும்போது உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு அவன் மனைவி அற்புதம் வருவாள். வீடு பின்னாலேயே இருந்தது. அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்து, அவன் "மிதி" என்றால் மிதித்து, "விடு" என்றால் விடுவாள். அந்தத் தெருவில் ஓடிய பாதி வண்டிகளின் பிரேக்கை முதலில் மிதித்தது அவள் கால்தான்.

அப்படிப்பட்டவனுக்கும் ஓர் ஆசை இருந்தது. பழைய மாருதி ஜென் ஒன்றை வாங்கி, அதில் எஸ்டீம் காரின் ஆயிரத்து முந்நூறு சி.சி. இன்ஜினைத் தூக்கி வைக்க வேண்டும் என்பது. ஜென் சின்ன வண்டி, எடை கிடையாது. அதில் பெரிய இன்ஜினைப் போட்டால் பறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வேறு யாராக இருந்தாலும் முதலில் இன்ஜினை இறக்கி, சத்தி ரோட்டில் ஒரு விரட்டு விரட்டிவிட்டுத்தான் மற்றதை யோசிப்பார்கள். இவன் முதலில் முன்சக்கரத்துக்குப் பெரிய பிரேக் டிஸ்க் போட்டான், பிறகு ஸ்பிரிங்கை மாற்றினான். இன்ஜின் இருக்க வேண்டிய இடம் ஓட்டையாகக் கிடக்க, வண்டி மாதக்கணக்கில் அப்படியே நின்றது. இன்ஜினே இல்லாத காருக்கு பிரேக் வைத்திருக்கிற ஒரே ஆள் என்று நான் போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவன் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் மவுண்டிங்கை வெட்டி ஒட்டி, ரேடியேட்டரை மாற்றி, இன்ஜின் உட்கார்ந்தது. புது இன்ஜின் நம்பரை முறையாக ஆர்.சி.யில் ஏற்றிவிட்டுத்தான் வண்டியை ரோட்டுக்கே எடுத்தான்.

ஒருநாள் என்னை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினான். இரண்டாவது கியரில் முழுசாக மிதித்தபோது என் தலை சீட்டில் போய் இடித்தது. ஸ்டீயரிங் அவன் கையில் ஒரு பக்கமாகத் திமிறியதை நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே அதைப் பிடித்து நேராக்கினான். அந்த வண்டி அவன் காலுக்கும் கைக்கும் மட்டும் பழகிய வண்டி. அவனை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம்தான் மகள் ஜெனிஷாவுக்கு வரன் வந்தது. ஒரே மகள். பள்ளியில் கணக்கு டீச்சர், அதிகம் பேசாத பெண். பையன் பெயர் ரோஹன், பல்லடம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நல்ல வேலை. அவர்கள் சர்ச் பங்கில் தெரிந்தவர்கள் மூலமாக வந்த சம்பந்தம், பார்க்க லட்சணமான பையன். பேசி முடிக்க வந்த அன்று, அவன் ஓட்டி வந்த காரில் பிரேக் பிடித்தால் கிரீச்சென்று சத்தம் வருகிறது என்று சொல்ல, பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைக் கழற்றினான். நான் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். பேட் இருந்த இடத்தில் வெறும் இரும்புதான் மிச்சம். டிஸ்க்கில் கோடு கோடாகக் கீறல். டயர் இரண்டு ஓரமும் தின்று போயிருந்தது. கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் எல்லாம் புதுசாகப் போட்டதாம்.

பிரகாசம் அந்தப் பேடை வழக்கம்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆனால் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளை கால் எப்படி என்று நானே கேட்டேன்.

"சின்ன வயசுங்ணா. கல்யாணம் ஆனா நிதானம் வந்துருமுங்க" என்றான்.

வேறு யாருடைய பேடாக இருந்தாலும் இவன் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான். புதுப் பேட் போட்டு, சக்கரத்தை மாட்டி, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டான். வீட்டில் மூச்சு விடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ரோஹன் ஜென்னின் சாவியைக் கேட்டு வாங்கி, சத்தி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தான். முகமெல்லாம் சிவந்து இறங்கியவன், சீராகப் புது கார் எதுவும் வேண்டாம், மாமா கையால் செய்த இந்த வண்டியே போதும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். பெரியவர்களுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா, தங்கம் என்றார்கள். பிரகாசம் மட்டும் என்னைப் பார்த்தான். முடியாது என்று சொல்லிவிடு, வேறு வண்டி வாங்கிக் கொடு என்று நான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். எங்கள் பக்கம் கலெக்டருக்குக்கூட இல்லை என்று சொல்லிவிடுவார்கள்; மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. இவனுக்கும் எழவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஜென்னில் பின் விளக்கு ஒயரைச் சரிசெய்யப் போனேன். பிரகாசம் டிரைவர் சீட்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தான். ஆக்சிலேட்டர் பெடலுக்கு நேர் கீழே, தரைத் தகட்டில் நீளமாக ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். பெடல் பாதி தூரம் இறங்கியதும் அந்தப் போல்ட் தலையில் முட்டி நின்றுவிடும். மேலே ரப்பர் பாயை விரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பாதி மிதித்தாலே பழைய ஜென்னைவிட நன்றாக ஓடும் என்பதால் சந்தேகமும் வராது.

என்னடா இது என்று கேட்டேன். முழுசாக மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பிள்ளை உட்கார்ந்து போகிற வண்டி என்றான். சரி, மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு என்றேன்.

"சொன்னா அன்னைக்கே கழட்டிப்போடுவாருங்ணா."

அதோடு பேச்சு முடிந்தது. கல்யாணப் பூசை முடிந்து கோயில் வாசலில் ஃபாதர் வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஜெனிஷா உள்ளே உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள். ரப்பர் பாயை ஒரு தடவை இழுத்து நேராக்கிவிட்டு, பிரகாசம் கதவைச் சாத்தினான்.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது ரோஹன் ஒர்க்ஷாப்பில் நின்று, அன்றைக்கு ஓட்டிப் பார்த்தபோது இருந்த வேகம் இப்போது இல்லையே என்று கேட்டான். இன்ஜின் இன்னும் செட் ஆகவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று பிரகாசம் பதில் சொன்னது தகரத்துக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் ஒரு ஸ்பேனரை எடுத்துத் தகரத்தில் தட்டினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அது நடந்தது பல்லடம் ரோட்டில் காரணம்பேட்டை தாண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோழித் தீவனம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ரோஹன் வலதுபக்கம் ஏறி, கியரைக் குறைத்து முழுசாக மிதித்திருக்கிறான். வண்டி பாதி லாரி வரைக்கும் வந்து அதற்கு மேல் நகரவில்லை. எதிரே பஸ். பிரேக்கை மிதித்து, லாரியை முன்னே விட்டு, இடதுபக்கம் ஒடித்தான். ரோட்டோர மண்ணில் வழுக்கி, வண்டி பள்ளத்தில் இறங்கி மோதி நின்றது. அவனுக்குச் சிராய்ப்பு. ஜெனிஷாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்தப் பெரிய டிஸ்க் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது. அந்தப் போல்ட் இல்லாமல் இருந்திருந்தால் லாரியைத் தாண்டிப் போயிருப்பார்கள். நிறுத்தியதும் பிரகாசம்தான், நகர விடாமல் பிடித்ததும் இவன்தான்.

அற்புதம் மகளைப் பார்த்துக்கொள்ளப் பல்லடத்துக்குப் போய்விட்டாள். வண்டியைக் கட்டி இழுத்து இவன் ஒர்க்ஷாப்புக்கே கொண்டுவந்தார்கள். கூடவே ரோஹன் வந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். பதற்றத்தில் கியரைச் சரியாகப் போடாமல் விட்டுவிட்டேன், என் தப்புதான் மாமா, என்னை மன்னித்துவிடுங்கள் என்று பிரகாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் மீது எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் போய்விட்டது. பிரகாசம் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். "உடம்பப் பாத்துக்குங்க மாப்ளே" என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

அவன் போனதும் பிரகாசம் பாயைத் தூக்கி அந்தப் போல்ட்டைக் கழற்றினான். இத்தோடு விஷயம் முடிந்துவிட்டது, யாருக்கும் தெரியப்போவதில்லை. கையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு பையன் செய்யாத தப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைகிறான், நீ தகரத்தைத் தட்டித் தட்டி எனக்குப் பாடம் நடத்தினாயா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தான். பல்லடத்துக்குக் கூட வருகிறீர்களா என்று கேட்டான். என்னால் வண்டி ஓட்ட முடியாது என்றான். என் ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ரோஹன் வீட்டு ஹாலில் ஜெனிஷா கையைக் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அற்புதம். பிரகாசம் உட்காரவில்லை. போல்ட்டை டீப்பாயின் மேல் வைத்து, எங்கே முடுக்கினான், எப்போது, எதற்கு என்று எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை.

ரோஹன் அந்தப் போல்ட்டை எடுத்துப் பார்த்தான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன்.

"அப்ப நான் கியரைத் தப்பாப் போடலீங்களா மாமா?" என்று கேட்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. மறுபடி, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றான்.

பிரகாசம் கையெடுத்துக் கும்பிட்டான். மாமனார் மாப்பிள்ளையைக் கும்பிடுவதைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் ஜெனிஷா பேசினாள். சத்தம் போடவில்லை.

"இவரு காலு எப்படின்னு உங்களுக்கு எப்பத் தெரியுமுங்கப்பா?"

"நிச்சயத்துக்கு முன்னாலயே கண்ணு. பேடு பாத்தேன்."

"வண்டியக் குடுக்கறதுக்குப் பயந்து அடியில போல்ட்டு வெச்சீங்க. என்னைய எதை நம்பிக் குடுத்தீங்க?"

ரோஹன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெனிஷா அவனைப் பார்க்கவில்லை.

"அவரு ரோட்டுல மட்டுமில்லீங்கப்பா, வீட்டுலயும் அப்படித்தானுங்க" என்றாள்.

அந்த ஆறு மாதத்தில் அவள் ஒருமுறைகூட எதுவும் சொன்னதில்லை. அற்புதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கணவனைப் பார்த்தாள். அந்தப் பேடைப் பற்றி அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். பிரகாசம் வெளியே வந்து ஆம்னியில் ஏறிக்கொண்டான்.

திரும்பும் வழியில் சூலூர் வந்ததும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே கேட்டான்.

"அன்னைக்கு நான் சொல்லியிருந்தாலும் அந்தப் புள்ள கேட்டிருக்காது. இல்லீங்ணா?"

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பொய். ஃப்யூஸ் போன வண்டிக்கெல்லாம் வயரிங் போச்சு என்று கூசாமல் சொல்கிறவன் நான். இதையும் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், அவன் இரவு தூங்கியிருப்பான். ஆனால் அந்தப் பெண்ணை நான் சின்னதிலிருந்து பார்க்கிறேன். அப்பா சொன்னதை அவள் கேட்காமல் இருந்ததே இல்லை.

"கேட்டிருப்பா" என்றேன்.