பங்குக் கிணற்றில் கார் எண்ணெய்

காருக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றுவது பெரிய வித்தையல்ல. எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கி, கீழே சாக்கு விரித்து, வாய் அகல வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரத்தை அதன்மேல் வைத்து, அடித் திருகாணியைக் கழற்றினால் போதும். வடிந்ததை வண்டில் அச்சுக்குப் பூசலாம்.

என் அக்காவின் புருஷன் அப்படிச் செய்யமாட்டார். மலாயாக் கந்தோரில் வேலை பார்த்து, பென்சனோடும் காரோடும் வந்து இறங்கியவர் அவர். அவர் வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் ஒரே பங்குக் கிணறுதான்.

ஓர் ஐப்பசியில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி, அதன்மேல் காரை நிறுத்தினார்.

"அத்தான், தகரத்தை வையுங்கோ. உது கல்லுக்குள்ளாலை கிணத்துக்கை இறங்கும்."

"விசர்க்கதை கதையாதை. மலாயாவிலை நாங்கள் உப்பிடித்தான் விடுறது. ஒரு சொட்டு வெளியிலை சிந்தாது, பார்."

சிந்தவில்லைதான். கறுத்த எண்ணெய் முழுவதும் குழிக்குள் போனது. மண்ணால் மூடி மிதித்துவிட்டார். எங்கள் ஊரில் மேலே கொஞ்சம் மண், கீழே முழுவதும் ஓட்டைக் கல். இங்கே பிறந்த மனிசனுக்கு அது தெரியாதா? தெரியும். நான் சொன்னதால்தான் கேட்கவில்லை.

முதல் பெருமழையோடு கிணற்றில் எண்ணெய் மிதந்தது. பகல் முழுவதும் இறைத்தோம். மறுநாளும் மிதந்தது. அக்கா அந்தத் தண்ணீரிலேயே தேநீர் வைத்து அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

ஒரு வாய் குடித்துத் துப்பினார். "என்னடி இது, நாறுது!"

"உங்கடை கார் குடிச்ச மிச்சம். குடியுங்கோ."

"அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைப் பழிவாங்கிறியள், என்ன?"

குழியைத் தோண்டிக் கறுப்பு மண்ணைக் கடகத்தில் அள்ளிக் கொட்டினவன் நான். அவர் விறாந்தையில் நின்று, குழியோரம் நின்ற காரைக் காட்டி, "ஆழமாய்த் தோண்டாதை, கார் விழுந்திடும்" என்றார்.

"விழட்டும். நீங்களும் சேர்ந்து விழுங்கோ."

பயனில்லை. அந்த மாரி முழுவதும் அக்கா அயலவர் கிணற்றில் கேட்டுக் கேட்டு அள்ளினாள். என்ன நடந்ததென்று விசாரித்தவர்களிடம் அவர், "பழங்கிணறு, ஊத்துக் கெட்டுப்போச்சு" என்றார். எங்கள் அப்பு வெட்டின கிணறு அது.

கோடையில் வளவின் மறுகோடியில், என் பக்கத்தில், வேறு கிணறு வெட்டுவித்தேன். நடுவே வேலி அடைத்தேன். அக்கா குடத்தோடு நுழைய மட்டும் வேலியில் ஒரு பொட்டு, ஓர் ஆள் அளவு இடைவெளி, விட்டேன். அந்தப் பொட்டால் அவர் ஒருநாளும் வரவில்லை. அக்கா இடுப்பில் சுமந்துபோன தண்ணீரில்தான் காரையும் கழுவினார்.