மொய் நோட்டில் மீதி நூற்று முப்பத்தொன்பது பேர்

என் அண்ணி அகிலாண்டத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம். ஆனால் வேறு யார் எழுதப்போகிறார்கள்? என் அண்ணன் முருகானந்தம் எழுத மாட்டான். அவன் அவரோடு பேச்சை நிறுத்தியே ஐந்து வருஷம் ஆகிறது.

அண்ணிக்கு மணப்பாறை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் காட்டூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பாலிடெக்னிக் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீடு. திருவெறும்பூர் பெரிய தொழிற்சாலையில் அண்ணனுக்கு ஃபிட்டர் வேலை, அந்தச் சம்பளத்தில் நானும் தொற்றிக்கொண்டிருந்தேன். அண்ணி வந்த ஆறாம் மாதமே ஒரு தையல் மெஷின் வாங்கிப்போட்டு, கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குக் காக்கி யூனிஃபார்ம் தைக்க ஆரம்பித்தார். ஒரு மெஷின் மூன்றானது. என் மூன்றாம் வருஷ ஃபீஸுக்கு அவர் வளையல் அடகுக்குப் போனது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அவரே வைத்தார், அவரே மீட்டார், யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். கோபம் வந்தால் பேச மாட்டான், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நானும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் இரண்டு நாள், பிறகு இரண்டு மாதம், கடைசியில் வருஷக்கணக்கு. "அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்" என்று மகள் சுபஸ்ரீயிடம் சொல்வான். அம்மா இரண்டடி தள்ளி கரண்டியோடு நின்றுகொண்டிருப்பார். சுபஸ்ரீ கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்ததும் தூது சொல்ல ஆள் இல்லாமல் போனது. அதன்பிறகு ஹாலில் உட்கார்ந்துகொண்டு சமையலறைக்கு வாட்ஸ்அப்பில் 'சோறு' என்று ஒரு வார்த்தை அனுப்புவான்.

"தம்பி, பேசறதுக்கு ஆள் இல்லாத வீட்லதானே இருக்கேன். அதுக்குத் தனியாவே இருந்துட்டுப் போறேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சொன்ன மாதமே ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோடு பக்கம் ஒரு போர்ஷன் பார்த்து, மூன்று மெஷினையும் லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். இரண்டு பேரும் சம்மதித்தே விவாகரத்து மனு போட்டார்கள். சொத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இழுபறி. கோர்ட் அவர்களைச் சமரசம் பேச அனுப்பியது.

இந்த இடத்தில் ஒரு மனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவெறும்பூரைத் தாண்டித் தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி ஆயிரத்து இருநூறு சதுர அடி. பத்திரம் என் பெயரில் இருக்கிறது. பணம் என்னுடையது இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சுபஸ்ரீக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. அதில் விழுந்த மொய் நாலு லட்சத்து அறுபதாயிரம். மொய் எழுதியது நான்தான், அதனால் ரூபாய் சுத்தமாக ஞாபகம் இருக்கிறது. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் அண்ணி தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்திருந்தார். மொய்ப் பணத்தை அண்ணன் பையோடு எடுத்துக்கொண்டு போய் அந்த மனையை வாங்கினான். "எனக்கு ஆபீஸ்ல ஹவுஸிங் லோன் வரணும்டா, என் பேர்ல வேற இடம் இருக்கக் கூடாது. உன் பேர்ல இருக்கட்டும், அவகிட்ட சொல்ல வேணாம்" என்றான். நானும் தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்தில் மொய் என்பது சும்மா வந்த பணம் இல்லை. ஐந்நூறு வைத்தவர் வீட்டில் விசேஷம் என்றால் ஐந்நூறுக்கு மேல் நூறாவது சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். வைக்காதவனை ஊர் மறக்காது. முந்நூற்றுப் பதினாறு பேர் எழுதிய நோட்டு அது. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, பஸ் ஏறி, லால்குடி, துவாக்குடி, விராலிமலை என்று அலைந்து திருப்பிச் செய்தவர் அண்ணி. காக்கிச் சட்டை தைத்த காசில் செய்தார். வாங்கியது அண்ணன், இடம் என் பெயரில், கட்டியது அவர்.

ஜனவரியில் வக்கீல் இளவேனில் எனக்குப் போன் பண்ணினார். கன்டோன்மென்ட் கோர்ட் வளாகத்தில் இவர்களுக்குச் சமரசம் பேசுகிறவர் அவர்தான். "குடும்பத்துல ரெண்டு பேரும் நம்பற ஒருத்தர் கூட இருந்தா நல்லாருக்கும் சார். நீங்க வர முடியுமா?" என்றார். அண்ணன்தான் என் பெயரைக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

இருவரையும் தனித்தனித் தாளில் எழுதச் சொன்னார். ஒரு பக்கம் இருப்பது, மறு பக்கம் கடன். அண்ணன் வீடு, பி.எஃப்., கார், மீதி லோன் என்று கிடுகிடுவென்று எழுதிக் கொடுத்தான். மனை இல்லை. அண்ணி நிதானமாக எழுதினார். மூன்று மெஷின், பதினோரு பவுன், நடப்புச் சீட்டு ஒன்று, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்த ரொக்கம் எட்டாயிரம். அதைக்கூட எழுதினார். கடன் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'மொய், திருப்பிச் செய்ய மீதி 139 பேர்.' பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அண்ணன் சிரித்தான். "இதெல்லாம் கோர்ட்ல கடனா மேடம்?" என்றான். நானும் சிரித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இளவேனில் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் இப்படி ஒரு நோட்டு இருக்கு. கடன் இல்லேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிப் பாருங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு, நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். கூட்டுத்தொகை என் கையெழுத்தில் இருந்தது. "நாலு அறுபது. இது எங்க போச்சு?"

"விசேஷச் செலவுதான் மேடம்" என்றான் அண்ணன்.

"எழுதினது நீங்கதானா சார்?" என்று என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அண்ணியும் என்னைப் பார்த்தார். அதட்டலாகவோ கெஞ்சலாகவோ இல்லை. பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் சாதாரணமாகப் பார்த்தார். நான் சொன்னேன்: "மண்டபம், சாப்பாடு, பந்தல்னு எல்லாம் அதுலயே போயிடுச்சுங்க."

ஏன் சொன்னேன்? வளர்த்த அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அது பொய். அரியமங்கலத்தில் என் லேத் பட்டறைக்குப் புது மெஷின் வாங்க அந்த மனைப் பத்திரத்தைத்தான் பேங்கில் வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் பத்திரத்தை மீட்க வேண்டும், மெஷினை விற்க வேண்டும். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வது என்பார்களே, அதைச் செய்தேன். அதுவும் எனக்குச் சோறு போட்டவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு.

அண்ணி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டபத்துக்குப் பணம் கட்டிய ரசீதில் அவர் பெயர்தான் இருக்கிறது, ஆனாலும் பேசவில்லை. வீட்டுக்கு விலை போட்டு அதில் பாதியை அண்ணன் தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டான். மொய்க் கடனைப் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம் என்றார் இளவேனில். "எனக்கு யாரும் பத்திரிகை வைக்கப் போறதில்ல, நான் எதுக்குச் செய்யணும்?" என்றான் அண்ணன்.

"நூத்தி முப்பத்தொன்பதையும் எனக்கே எழுதிக்குங்க மேடம்" என்றார் அண்ணி. "மேடையில நின்னு கும்பிட்டு வாங்கினதுல நானும் ஒருத்தி." அப்படியே எழுதினார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கோர்ட்டில் வந்து இதே ஒப்பந்தத்தை உறுதி செய்ய வேண்டும், அதுவரை மாற்றம் இருந்தால் சொல்லலாம் என்று சொல்லி அனுப்பினார் இளவேனில். அந்த ஆறு மாதம் எனக்கும் இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை.

ஐந்தாம் மாதம் என் மகனுக்குக் காதுகுத்து வைத்தோம். அண்ணிக்குப் பத்திரிகை அனுப்பலாமா என்று மனைவி கேட்டபோது, வர மாட்டார் என்ற தைரியத்தில் அனுப்பச் சொன்னேன். வந்தார். கத்தரிப்பூக் கலர் சேலை கட்டி, கும்பகோணத்தான் சாலை பஸ் ஸ்டாப்பில் இறங்கி, வெயிலில் நடந்தே மண்டபத்துக்கு வந்தார். முன்வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டி நேராக மொய் மேஜைக்குப் போனார். இப்போதெல்லாம் நோட்டு கிடையாது, லேப்டாப்பில் அடித்து ரசீது தருகிறார்கள், தொகையை மைக்கில் வேறு வாசிக்கிறார்கள்.

"ஸ்ரீரங்கம் அகிலாண்டம், பதினைந்தாயிரம்" என்று மைக் சொன்னது.

சுபஸ்ரீயின் மஞ்சள் நீராட்டில் சித்தப்பா என்ற முறையில் நான் பத்தாயிரம் எழுதியிருந்தேன். அந்த நூற்று முப்பத்தொன்பதில் நானும் ஒருவன். இந்தக் கணக்கு எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் வீட்டுக்கு வந்து, எந்தப் பணத்தை நாங்கள் அமுக்கினோமோ அதற்கு வட்டியும் முதலும் கட்டுகிறார். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டார், சாப்பிடாமல் போனால் வீட்டுக்காரர்களுக்குக் குறை என்று அவருக்குத் தெரியும். போகும்போது "போயிட்டு வரேன் தம்பி" என்றார். நான் சமையல் கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மறுநாளே பத்திரத்தின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். அண்ணி ஜாக்கெட் ஒன்றுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"தெரியும் தம்பி" என்றார். "வாங்கின வருஷமே தெரியும். பத்திர ஆபீஸ்ல டீ வாங்கிக் குடுக்கிறவர் பொண்ணுக்கு நான்தான் பாவாடை தைப்பேன்."

"அப்ப ஏன் அண்ணி அன்னிக்கு கோர்ட்ல சொல்லல?"

ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "உங்களை வரச் சொன்னதே நான்தான். ரெண்டு பேரும் நம்பற ஆள் யாருன்னு அந்த மேடம் கேட்டாங்க. உங்க அண்ணன் யார் பேரையும் சொல்லல. நான் உங்க பேரைச் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்தது. நாற்பது வயது ஆள், தையல் மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். தப்புதான் அண்ணி என்றேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தார். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னிக்கு எந்த மேஜைல உட்கார்ந்து சொன்னீங்களோ, அங்கயே போய் மாத்திச் சொல்லுங்க" என்றார்.

லேத் மெஷினை நஷ்டத்துக்கு விற்றுப் பத்திரத்தை மீட்டேன். அதன்பிறகு இளவேனிலுக்குப் போன் பண்ணினேன். அடுத்த வாரம் நாலு பேரும் அதே அறையில் உட்கார்ந்தோம். மொய்ப் பணத்தில் வாங்கிய இடம் என்றும், நான் சொன்னது பொய் என்றும், விற்று ஆளுக்குப் பாதி தரச் சம்மதம் என்றும் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரை மேஜையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். இன்று வரை என்னோடு பேசவில்லை, இனிமேலும் பேச மாட்டான். அது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இளவேனில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லம்மா, லேட்டானாலும் உங்களுக்காக ஒருத்தர் வந்து பேசிட்டாரு."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும், வெட்கம் கெட்டவன், அண்ணி ஆமாம் என்று தலையசைப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்காகப் பேசறதா இருந்தா அன்னிக்கே பேசியிருப்பாருங்க" என்றார் அண்ணி. "இது நான் போய் மொய் வெச்சதுக்கு அப்புறம் பேசினது. வாங்கினதைத் திருப்பிச் செஞ்சிருக்காரு, அவ்வளவுதான்."

குரலில் கோபமே இல்லை. இளவேனில் தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். போட்டேன்.