பாதியில எடுத்த ஸ்க்ரூ

காமினி எங்க எதிர்வீடு. ஜெலுத்தோங்ல இந்த பிளாட்டுக்கு நான் குடி வந்தப்ப அவ சின்னப் பொண்ணு. இப்ப நாப்பத நெருங்கிட்டா. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில வேல. வீட்டுல அவளும் அம்மா வள்ளியம்மாவும்தான்.

அவளுக்கு மேல்பல்லு எடுப்பு. வாய மூடினாலும் வெளிய தெரியும். சிரிச்சா கைய வச்சு மறைச்சுக்குவா. பொண்ணு பாக்க வந்தவனுங்க கேசரிய வழிச்சுத் தின்னுட்டு, போய் போன்ல ஜாதகம் பொருந்தலன்னுவானுங்க. வள்ளியம்மாக்கா மகளத்தான் திட்டும். "வாய மூடிக்கிட்டு நில்லுன்னு சொன்னேன்ல? பல்லக் காட்டிட்டு நிக்கிற." அப்புறம் தண்ணீர்மலைக்குப் போய் முருகன்கிட்ட அழுதுட்டு வரும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காமினியே போய்ப் பல்லுக்குக் கம்பி கட்டிக்கிட்டா.

"இந்த வயசுல யாருடி பாக்கப் போறா?"ன்னு கேட்டேன்.

"அம்மா பாக்கட்டும்க்கா. என் பல்லு உள்ள போகணும்னு அதுக்குதான் ரொம்ப நாள் ஆச."

அப்புறம் ஒரு நாள் வாயத் தொறந்து காட்டினா. ஈறுல ரெண்டு பக்கமும் குட்டி ஸ்க்ரூ. "அலமாரியாடி நீ, ஸ்க்ரூ அடிக்க?"ன்னேன். வெளக்கிச் சொன்னா. முன்பல்லப் பின்பல்லோட கட்டி இழுத்தா பின்பல்லும் முன்னால வந்துருமாம். துணிக்கயித்த நாற்காலியில கட்டினா நாற்காலியும் சேந்து நகரும்ல, அந்த மாதிரி. செவுத்துல ஆணி அடிச்சுக் கட்டினா நகராது. அந்த ஆணிதான் இந்த ஸ்க்ரூ. வேல முடிஞ்சதும் கழட்டிருவாங்களாம்.

பல்லு உள்ள போகப் போக, வள்ளியம்மாக்காவுக்கு மறதி வந்துச்சு. மொதல்ல அடுப்ப அணைக்க மறந்துச்சு. அப்புறம் நம்ம மாடி எதுன்னு தெரியாம லிஃப்ட்டுலயே மேலயும் கீழயும் போச்சு. ஒரு காலைல காமினி கோப்பி கொண்டுபோய்க் குடுத்தா. அக்கா அவ மூஞ்சியவே பாத்துச்சு.

"நீ யாரும்மா? என் மகளுக்குப் பல்லு வெளிய இருக்கும்."

காமினி எங்க வீட்டுக்கு வந்து உக்காந்தா. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல. "மறதிக்கும் பல்லுக்கும் என்னடி சம்பந்தம்? நாளைக்கு என்னையும்தான் யாருன்னு கேக்கும். எனக்கென்ன, ஸ்க்ரூவா அடிச்சிருக்கு?"

கேக்கல அவ. பல் டாக்டர் ஃபராகிட்டப் போய் எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டா. தொணைக்கு நானும் போயிருந்தேன்.

"இன்னும் கொஞ்ச மாசம்தான், முடிஞ்சிரும்"னாங்க டாக்டர். "பல்ல மாத்தினா ஞாபகம் திரும்பாது, காமினி."

"தெரியும் டாக்டர். அம்மா ஒரு தடவ என்னப் பழையபடி பாத்தாப் போதும். எடுத்துருங்க."

ஸ்க்ரூ ரெண்டையும் திருகி எடுத்தாங்க, கம்பியையும் பிரிச்சாங்க. பல்லு நகராம இருக்க ஒரு பிளாஸ்டிக் அச்சு குடுத்து, ராத்திரில போட்டுக்கச் சொன்னாங்க. அத ஒரு நாள் கூட அவ போடல. பல்லு பழையபடி வெளிய வரட்டும்னு விட்டுட்டா. கொஞ்சம் வந்துச்சு. பழைய எடத்துக்கு வரல.

நேத்து கஞ்சி குடுக்கிறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். காமினி கரண்டிய நீட்டிட்டு, கைய வச்சு மறைக்காம, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சா. அந்தப் பொண்ணு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. வள்ளியம்மாக்காவும் ரொம்ப நேரம் பாத்துச்சு. நான் கூட மனசுக்குள்ள முருகான்னேன்.

"நீ நல்ல பொண்ணா இருக்கம்மா"ன்னுச்சு அக்கா. "உனக்குத் தெரிஞ்ச பையன் யாராச்சும் இருந்தா சொல்லு. என் மகளுக்கு பல்லு கொஞ்சம் எடுப்புதான். நான்தான் அவளத் திட்டிட்டே இருந்துட்டேன். கொணம் தங்கம்."

"சரிம்மா, சொல்றேன்"ன்னா காமினி. வாயோரம் வழிஞ்ச கஞ்சியத் தொடச்சுட்டு, அடுத்த கரண்டிய ஊதி ஆத்தினா.